பாதிக் கழனி

நடேசன் செத்துப்போனான் என்ற சேதி வந்தபோது ஜெசிந்தா மேரி வாசலில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சேதி கொண்டுவந்தவன் கண்ணையன். கூலி வேலைக்கு மம்ட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு செலியமேடு முழுக்கச் சுற்றுகிறவன் என்பதால் நல்லதோ கெட்டதோ அவன் வாயில்தான் முதலில் வரும்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தாராம்க்கா. நெஞ்சப் புடிச்சிக்கினு குந்தினவருதான். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணையன் அதைப் பார்த்து, என்ன இருந்தாலும் பக்கத்துக் கழனிக்காரர் இல்லையா என்று நினைத்துக்கொண்டு போனான். விஷயம் அது இல்லை. ஒரு வருஷமாக அந்த மனுஷனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வன்மத்தைப் பிள்ளை மாதிரி வளர்த்து வைத்திருந்தாள். வாங்கிக்கொள்ள வேண்டியவன் வாங்காமலே போய்விட்டான். ஏமாந்த அழுகை அது. ஜெசிந்தாவை நல்லவள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை, அவளும் அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

அவள் கழனி ஒரு காணி, நடேசன் கழனி ஒரு காணி. இரண்டுக்கும் நடுவில் வரப்பின் மேலேயே ஒரு ஆழ்குழாய்ப் போர். ஜெசிந்தாவின் புருஷன் அமல்தாசும் நடேசனும் சேர்ந்து போட்டது. ஒரு மோட்டார், ஒரு கொட்டகை, ஆளுக்கு ஒருநாள் முறை. இப்படிக் கூட்டுப் போர் வைத்திருக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடியும்வரை அந்த வீட்டார் மண்ணில் கை வைக்கக் கூடாது, கழனிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இந்துக்கள் என்றால் கருமாதி வரைக்கும், கிறிஸ்தவ வேதக்காரர்கள் என்றால் முப்பதாம் நாள் பூசை வரைக்கும். அதுவரை இரண்டு கழனிக்கும் தண்ணீர் கட்டுவது கூட்டாளியின் பொறுப்பு. யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை. அதோடு சாவு வீட்டில் நஷ்டச் சேதி எதுவும் சொல்லக் கூடாது என்பதும் ஒரு கட்டு. மாடு நொண்டுகிறது என்றாலும் சரி, பயிர் காய்கிறது என்றாலும் சரி, பார்த்தவன் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும்.

போன வருஷம் மாசியில் அமல்தாஸ் மஞ்சள் காமாலையில் போனான். நவரைப் பட்டத்து நெல் பால் பிடிக்கப்போகிற நேரம். ஜெசிந்தாவும் மகள் செலின் மேரியும் கோயிலைத் தவிர வேறு எங்கும் போகாமல் வீட்டோடு கிடந்தார்கள். நடேசன் அண்ணன் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு. முப்பதாம் நாள் பூசை முடிந்து ஜெசிந்தா கழனிக்குப் போனாள். நடேசன் கழனியில் கதிர் எல்லாம் மணி முற்றித் தலை சாய்ந்து நின்றது. அவள் கழனியில் கதிர் நெட்டுக்குத்தாக நின்றது. பாரம் இல்லாத கதிருக்குத் தலை சாயாது. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினாள். ஒரு மணி மிச்சமில்லாமல் பறந்தது. எல்லாம் பதர்.

"ரெண்டுக்கும் பத்தலம்மா. போர்ல தண்ணி கீழ எறங்கிப்போச்சி. ஒண்ணையாவது காப்பாத்தினேன்" என்றான் நடேசன்.

"அந்த ஒண்ணு உன்னுதாத்தான் இருக்கணுமாண்ணே?"

நடேசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு நடந்தான். அன்று சாயந்திரம் டீக்கடை வாசலில் ஊரே பார்க்க அவன் தலையில் மண்ணை வாரித் தூற்றினாள். திருடன் என்றாள், உன் வம்சம் விளங்காது என்றாள். அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. ஊர்தான் அவனுக்காகப் பேசியது. தண்ணி இல்லாதபோது மனுஷன் என்ன பண்ணுவான், பொம்பள ஆத்திரத்துல பேசறா என்றார்கள். அவன் செய்ததைவிட ஊர் சொன்ன அந்தச் சமாதானம்தான் அவளுக்கு எரிந்தது. அந்த வெள்ளாமை போனதில் செலினின் நர்சிங் படிப்பு நின்றது. இப்போது மாத்திரை கம்பெனி வேனில் போய் அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு வருகிறாள்.

சாவு வீட்டுக்கு ஜெசிந்தா போனாள். போகாமல் இருந்தால் ஊர் பேசும். நடேசன் பெண்டாட்டி மணியம்மாள் ஒரு வருஷம் பேச்சில்லாமல் இருந்ததை எல்லாம் மறந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியா ஜெசிந்தா, உன்னாட்டம் என்னையும் ஆக்கிட்டுப் போயிட்டாரே."

எடுத்து முடித்து எல்லாரும் கலைகிற நேரத்தில் மகன் கலைவேந்தன், மொட்டையடித்த தலையோடு, மோட்டார் கொட்டகைச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை.

"அத்த, கழனி..."

"தெரியும். நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு சோறு போட்டுச் சாப்பிட்டாள். மீன் குழம்பை இரண்டாம் தரம் ஊற்றிக்கொள்கிறதைச் செலின் கவனித்துவிட்டாள்.

"இன்னாம்மா, மூஞ்சில ஒரு களை தெரியிது. சாவு வூட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இல்லியே."

"அவன் கழனி என் கைல வந்திருக்குதுடி."

"வந்து?"

"தொண்டக்கதிருல நிக்கிது. இப்ப தண்ணி வுடலன்னா தீந்துச்சி. ஒரு சொட்டு வுட மாட்டேன்."

"சாவு வூட்டுப் பயிரும்மா அது."

"போன வருசம் என்னுது மட்டும் கல்யாண வூட்டுப் பயிரா?"

செலின் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நிதானமாகக் கேட்டாள். "அந்தாளே போயிட்டாரு. நீ யாருக்குக் காட்டப்போற? மணி அத்தையும் வேந்தனும் உன்ன இன்னா பண்ணாங்க?"

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசு மாறவில்லை.

மாசி வெயில் அந்த வருஷம் பங்குனி வெயில் மாதிரி அடித்தது. விடிகிற நேரத்துக்கு மோட்டார் கரண்டு வரும், மதியத்துக்குள் போய்விடும். கரண்டுக்குப் பில் கிடையாது என்பதால் ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைத் தட்டிவிடுவார்கள். அத்தனை போரும் பூமிக்குள் ஒரே தண்ணீரைத்தான் உறிஞ்சுகின்றன. யார் முதலில் எடுப்பது என்ற போட்டிதான். கொஞ்ச நேரம் நன்றாகக் கொட்டும் குழாய் வெயில் ஏறும்போது தும்ம ஆரம்பிக்கும். தண்ணீரும் காற்றுமாகத் துப்பும். அப்போது நிறுத்திவிட வேண்டும். நிறுத்தி, ஊற விட்டு, மறுபடி போட வேண்டும். பிடிவாதமாக ஓட்டினால் மோட்டாருக்குள் இருக்கிற காயில் கம்பி கருகிப்போகும்.

முதல் சில நாள் தன் கழனிக்கு மட்டும் தண்ணீர் கட்டினாள். நடேசன் கழனி மண் வெளுத்து, மயிரிழை விரிசல் விட ஆரம்பித்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய குணம் கெட்ட குணம், ஒன்றை முழுசாக ருசிக்காமல் விடாது. காய விடுவதற்கு முன்னால் அவன் பொய்யன் என்பதைத் தன் கையாலேயே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. இரண்டு கழனிக்கும் தண்ணீர் பத்தும் என்று ஆகிவிட்டால் அப்புறம் குறுகுறுப்பே இல்லாமல் காய விடலாம்.

மறுநாள் இரண்டு பக்கத்து மடையையும் திறந்தாள். குழாய் தும்முகிறபோதெல்லாம் நிறுத்தி, புங்கமரத்து நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியில் இருந்த கூழைக் குடித்தாள். உடம்பும் அந்தப் போர் மாதிரிதான் இருந்தது, கொஞ்சம் வேலை செய்தால் கொஞ்சம் ஊற வேண்டியிருந்தது. மறுபடி போட்டாள், மறுபடி நிறுத்தினாள். கரண்டு போகும்போது பார்த்தால் இரண்டு கழனியிலும் தண்ணீர் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ஓடிய தண்ணீரைக் காய்ந்த மண்ணே குடித்துவிட்டது. அடுத்த நாளும் பார்த்தாள், அதே கதைதான். அப்படியே போனால் இரண்டும் குற்றுயிராக நின்று இரண்டும் பதராகும்.

அப்படியென்றால் நடேசன் சொன்னது பொய் இல்லை.

வரப்பில் குந்தியபடி வெகுநேரம் இருந்தாள். ஒரு வருஷம் சுமந்த கோபத்தைக் கீழே வைக்கச் சொல்கிற மாதிரி இருந்தது. கோபத்தைப் பிடுங்கிக்கொண்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? புருஷன் இல்லை, மகள் படிப்பு இல்லை. செத்தவன் மேல் முன்னைவிட ஆத்திரம் பொங்கியது. உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டுப் போயிருக்கிறானே என்று.

ஆனால் கண் தண்ணீர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு கழனியிலும் மடையை ஒட்டின தலைமாட்டுப் பாதி ஈரமாக இருந்தது. கடைமாட்டுப் பாதிதான் காய்ந்து கிடந்தது. இந்த ஈரம் அந்தப் பக்கம் போகாமல் நடுவில் ஒரு குறுக்கு வரப்புப் போட்டுவிட்டால்? கடைமாட்டை அப்படியே கைகழுவிவிட்டால், இந்தப் போர் கொடுக்கிற தண்ணீர் இரண்டு பாதிக்கும் தாராளமாகப் பத்தும். ஆளுக்குப் பாதி விளைச்சல் வீட்டுக்கு வரும். அவளுக்குப் பாதி வந்திருந்தால் செலின் இந்நேரம் வெள்ளை உடுப்பு போட்டிருப்பாள்.

இது நடேசனுக்குத் தெரியாதா? பிறந்ததில் இருந்து தண்ணீர் கட்டினவன். நன்றாகத் தெரியும், தெரிந்தும் போடவில்லை. ஜெசிந்தாவின் கோபம் திரும்பி வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. இந்த முறை அதற்குச் சாட்சியும் இருந்தது. அந்தச் சாட்சியை மண்ணில் போட்டு ஊருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் கண்ணையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முதலில் நடேசன் கழனியில் வரப்புப் போட்டார்கள். பயிரை மிதித்துக்கொண்டு, சேற்றை அள்ளி அள்ளி வைத்து, கழனியை இரண்டாக வகுந்தார்கள். பிறகு அவள் தன் கழனியைக் காட்டினாள். கண்ணையன் மம்ட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

"உன்னுதுல எதுக்குக்கா? நீ முழுசா எடுத்துக்கினா யாரு கேக்கப்போறா? அவரு பண்ணத நீ பண்ற. ஊரு ஒண்ணும் சொல்லாது."

"ஊரு ஒண்ணும் சொல்லாதுன்னுதான்டா போடச் சொல்றேன்."

"புரியல."

"நான் முழுசா எடுத்துக்கினா, தண்ணி பத்தலன்னு அவன் சொன்னது சரியாப் போயிடும். அவனும் பத்தலன்னு எடுத்துக்கினான், இவளும் பத்தலன்னு எடுத்துக்கினான்னு பேசிட்டுப் போயிடுவாங்க. ரெண்டுலயும் பாதி பச்ச, பாதி சருகுன்னு நின்னாத்தான் கேப்பாங்க. இப்டி ஒரு வழி இருந்துச்சே, நடேசன் ஏன் பண்லன்னு கேப்பாங்க."

கண்ணையன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அதுக்கோசரம் பாதி நெல்ல வுடுவியா? எனக்கு இவ்ளோ வன்மம்லாம் கட்டுப்படி ஆவாதுக்கா."

"உனக்குக் கழனியே இல்ல, நீ பேசாம வெட்டு."

வரப்புப் போட்டதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பிறகு தினமும் தன் கடைமாட்டுப் பயிரைப் பார்த்துக்கொண்டு வருவதுதான் பெரிய பாடு. தலைமாட்டில் கதிர் வெளியே வந்து பூத்துப் பால் பிடித்தது. கடைமாட்டில் கதிர் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டு இலை சுருண்டது. அவள் நட்ட பயிர், அவள் களை எடுத்த பயிர். கை மடையைத் திறக்கப் போகும். திறந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று திரும்பி வருவாள். ஒருநாள் குரல் விட்டே அழுதாள். அழுதுவிட்டு நடேசனுடைய பாதிக்கு ஒரு சொட்டுக் குறையாமல் தண்ணீர் கட்டினாள். தன் பாதியில் கொஞ்சம் குறைந்தாலும் அதில் குறையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டினாள். அத்தனை நியாயமாக அவள் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. போனால் இதைச் சொல்ல வேண்டும், சொன்னால் விட்டுவிடு என்பார் சாமியார்.

நடேசனின் கருமாதி ஏரிக்கரையில் நடந்தது. ஏரிக்கரைக்குப் போக வேண்டுமானால் இந்த இரண்டு கழனியின் ஓரமாகத்தான் போயாக வேண்டும். வரப்புப் போடும்போதே ஜெசிந்தாவுக்கு அது தெரியும். அன்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, காலையிலேயே வந்து கொட்டகையோரம் நின்றுகொண்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மேளத்துக்குப் பின்னால் குருவிநத்தம், மடுகரை என்று எல்லா ஊர்ச் சொந்தமும் வந்தது. முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு கழனியும், கத்தரித்து ஒட்டினதுபோல், ஒரு பாதி பச்சையும் ஒரு பாதி சருகுமாக நின்றன.

"இன்னாடி இது, வகுந்து வச்ச மாதிரி?"

"தண்ணி பத்தாதுன்னு பாதி பாதியா பண்ணியிருக்குது ஜெசிந்தா. தன்னுதையும் பாதி காய வுட்டிருக்குது பாரு."

"அப்ப போன வருசமும் இப்டி பண்ணியிருக்கலாமே?"

"பண்ணியிருக்கலாந்தான்."

"பின்ன ஏன் அவங்களுத மட்டும் மொத்தமா காய வுட்டாரு நடேசன்?"

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. மணியம்மாளின் அண்ணன், மடுகரைக்காரர், தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா" என்று சொன்னது ஜெசிந்தாவுக்கே கேட்டது. செத்தவனுக்குப் பிண்டம் வைக்கப் போகிற கலைவேந்தன், கலசத்தைப் பிடித்தபடி தலை நிமிராமல் போனான். டீக்கடையில் நடேசனுக்காகப் பேசினவர்கள் எல்லாம் அவள் பக்கம் பார்க்காமல் போனார்கள். ஜெசிந்தாவுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். அமல்தாஸ் போனதில் இருந்து அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை.

மறுநாள் காலையில் மணியம்மாள் கழனிக்கு வந்தாள். தாலி அறுத்த மறுநாளே வெளியே கிளம்பிவிட்டாள் என்று ஊர் பேசும் என்று பார்க்காமல், நெற்றி வெறுமையாக, கொட்டகை வரைக்கும் நடந்து வந்தாள். ஜெசிந்தா மடையில் நின்றிருந்தாள். தண்ணீர் மணியம்மாளின் பாதிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மொத்தமா காய வுட்டிருக்கலாம்டி நீ" என்றாள் மணியம்மாள்.

"பாதியாவது வூட்டுக்கு வரட்டுமேன்னுதான் அண்ணி. எனக்குத்தான் மொத்தமா போச்சி."

"மொத்தமா போயிருந்தா நானும் வாயார நாலு வார்த்த திட்டிட்டு, சரிக்குச் சரின்னு வுட்டிருப்பேன். இப்ப அவரு கருமாதி சோத்தத் துன்னுக்கினே அவரத் திட்டுது சனம். எங்கண்ணனே எல போட்டு குந்தலடி. வேந்தன் நேத்துல இருந்து பேச மாட்றான்."

"செஞ்சவரத்தான் திட்டுவாங்க."

"அவரு செய்யல."

ஜெசிந்தா மம்ட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நடுவுல வரப்பு போட்டு பாதி பாதி வுட்டுடறேன்னு மம்ட்டிய எடுத்துக்கினு கிளம்பினாரு" என்றாள் மணியம்மாள். "நான்தான் வாசல்ல குறுக்க நின்னேன். அவங்க வூட்ல ஆம்பள போயிட்டான், பொண்ணு எங்கியாவது வேலைக்குப் போய் பொழச்சிக்கும், நம்ம புள்ளைக்குக் காலேஜ் இருக்குதுன்னேன். கேக்கல. ரெண்டு நாளு அடுப்பே பத்த வைக்கல நான். அப்பறந்தான் மம்ட்டிய கீழ வச்சாரு."

"டீக்கடைல நான் மண்ண வாரித் தூத்தினப்போ?"

"வூட்டுக்கு வந்து தலைய அலசிக்கினு சோறு துன்னாரு. என்னான்னு ஒரு வார்த்த சொல்லல. என்னக் காட்டிக்குடுக்கணும்னு அவருக்குத் தோணவே இல்ல."

ஜெசிந்தா ஒரு வருஷமாகத் தினம் ஒரு தரம் அவனைச் சபித்திருக்கிறாள். அவன் செத்தபோதுகூடத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனதே என்றுதான் அழுதிருக்கிறாள். நேற்று ஊர் பார்க்க அவனை இரண்டாந்தரம் கொன்று போட்டிருக்கிறாள். குனிந்து வாய்க்கால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது எதிரே மணியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"பொண்ணு எங்கியாவது வேலைக்குப் போவும்னியா?"

"ஆமா. சொன்னேன்."

"போவுதுதான். வெடிகாலைல வேன் ஏறிப் போவுது." ஜெசிந்தாவின் குரல் உயரவே இல்லை. "இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற?"

"ஊர்ல நாலு பேருகிட்ட நீ சொல்லிடு. அவரு மேல தப்பில்ல, அந்த மணியம்மாதான் காரணம்னு சொல்லு. நீ சொன்னா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். என் வாயால சொல்ல எனக்கு தைரியம் வரல. புள்ள என் மூஞ்சில முழிக்க மாட்டான்."

ஜெசிந்தா நிதானமாகச் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி."

"ஜெசிந்தா..."

"செலின்கிட்டகூட சொல்ல மாட்டேன். அண்ணன் பேரு சுத்தமாவணும்னா நீதான் போய் டீக்கடைல நின்னு சொல்லணும். உம்புள்ளய பக்கத்துல வச்சிக்கினு சொல்லணும். அதுவரைக்கும் அவரு திருடனாத்தான் இருப்பாரு. நீ அந்தத் திருடன் பொண்டாட்டியா இருந்துக்கோ."

"செத்தவரு பாவம்டி."

"பாவந்தான்" என்றாள் ஜெசிந்தா. அதை மனசாரச் சொன்னாள்.

மம்ட்டியை மணியம்மாளின் கையில் கொடுத்தாள். "காரியம் முடிஞ்சிபோச்சி. இன்னிக்கி உன் முறை. நீயே கட்டிக்கோ."

மணியம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மடையில் இறங்கினாள். ஜெசிந்தா வரப்போடு நடந்தாள். நடேசன் இந்த வரப்பில்தான் எதிரே வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்று அவளுக்கு வழி விடுவான். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கோண்ணே என்று அவனிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு, ஒரு தரம் திரும்பி, மணியம்மாள் ஒழுங்காகத் தண்ணீர் கட்டுகிறாளா என்று பார்த்தாள்.